எம்.டி. மேல் வழக்கு, என் பங்கு என்ன ஆகும்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நடுத்தர அளவிலான ஒரு உற்பத்தி நிறுவனத்தின் பங்குகள் 600 வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு 380 ரூபாய்க்கு 400 பங்கு வாங்கினேன். எட்டு மாதத்துக்கு முன்பு, லாபம் நன்றாக வந்திருக்கிறதே என்று 476 ரூபாய்க்கு இன்னும் 200 சேர்த்தேன். போன மாதம், அங்கே நிதிப் பிரிவில் இருந்து நீக்கப்பட்ட ஒரு பெண் அதிகாரி, நிர்வாக இயக்குநர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று வழக்குப் போட்டிருப்பதாகப் பத்திரிகையில் வந்தது. 388-ல் இருந்த பங்கு ஐந்து நாள் தொடர்ந்து லோயர் சர்க்யூட் அடித்து 300-க்கு வந்துவிட்டது. “இது அவருடைய சொந்த விவகாரம், கம்பெனிக்கு ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இப்போதுதான் ஆவரேஜ் பண்ண வேண்டும்” என்கிறார்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில். “விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் அத்தை” என்கிறார் மருமகன். என் சேமிப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இதில் இருக்கிறது. யாரோ ஒருவர் செய்த தப்புக்கு நான் ஏன் நஷ்டப்பட வேண்டும்? வழக்கில் எங்களைப் போன்றவர்களுக்கு நஷ்டஈடு ஏதாவது கிடைக்குமா? கம்பெனி பங்குச் சந்தைக்கு அனுப்பிய விளக்கம், பத்திரிகைச் செய்தி, ஆண்டறிக்கையில் சில பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

– ஓய்வு பெற்ற ஆசிரியை, துறையூர்

பதில்: அம்மா, நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. குற்றச்சாட்டு இன்னும் குற்றச்சாட்டாகத்தான் இருக்கிறது, நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பத்திரிகைச் செய்தியின் கடைசிப் பத்தியை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்த அதிகாரி தன் மனுவில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். ஒன்று தலைப்பில் வந்துவிட்டது. மற்றது, எம்.டி.யின் மைத்துனர் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு முன்பணம் கொடுக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன், அதற்குப் பிறகுதான் என்னை நீக்கினார்கள் என்பது.

முதல் பாதி சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண் வேலையை இழந்து, பெயரை வெளியே விட்டு, நீதிமன்றப் படியேறுவது லேசான காரியம் கிடையாது. ஆனால் பங்குதாரராக உங்கள் பணத்தைத் தொடுவது இரண்டாவது பாதிதான். இப்போது நீங்களே அனுப்பிய ஆண்டறிக்கைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ‘தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்’ என்ற குறிப்பில் அந்த மைத்துனர் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. முந்தைய வருடம் அதற்குக் கொடுத்த முன்பணம் நிலுவை 14 கோடி. இந்த வருடம் 61 கோடி. ஒரே வருடத்தில் 47 கோடி கூடியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் லாபம் 74 கோடி என்று இருக்கிறது. அதற்கடுத்த ரொக்க ஓட்டப் பட்டியலில், தொழிலில் இருந்து கைக்கு வந்த பணம் 9 கோடி.

லாபம் 74, கைக்கு வந்தது 9. இதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். வளர்கிற கம்பெனியில் சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் பணம் முடங்குவது சகஜம். அந்த முன்பணத்துக்கு எதிராக நாளைக்கே நல்ல சரக்கு வந்து இறங்கலாம். ஆனால் எட்டு மாதத்துக்கு முன்பு நீங்கள் 476 ரூபாய் கொடுத்து வாங்கியது இந்த 74-ஐ நம்பித்தான். மனுவில் இருக்கும் இரண்டாவது புகார் இந்த 74-ஐத்தான் கேள்வி கேட்கிறது. எனவே ‘சொந்த விவகாரம்’ என்ற வாதம் இங்கே நிற்காது.

ஒரு நிர்வாகியின் மேல் புகார் வந்தவுடன் சந்தை பங்கை ஏன் இறக்குகிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ‘ஒருவர் செய்த தப்புக்கு நான் ஏன்’ என்று ஒரு ஆதங்கம் தெரிகிறது. சந்தைக்கு நியாய அநியாயம் தெரியாது. அது யோசிப்பது மூன்றே விஷயங்களை: நாம் பார்த்த கணக்கு உண்மையா, இந்த ஆள் போனால் தொழில் நடக்குமா, தொழிலுக்கான உரிமமோ கடனோ வாடிக்கையாளரோ கைவிட்டுப் போகுமா. அபராதத் தொகையும் வக்கீல் செலவும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் நல்ல சாட்சி. 2018 ஆகஸ்ட்டில் டெஸ்லாவின் எலான் மஸ்க், கம்பெனியைப் பங்குச் சந்தையில் இருந்து விலக்கிக்கொள்ளப் போகிறேன், அதற்குப் பணம் தயார் என்று ட்விட்டரில் எழுதினார். முதலீட்டாளர்களைத் திசைதிருப்பினார் என்று அங்குள்ள பங்குச் சந்தை ஆணையம் செப்டம்பர் 27 அன்று அவர் மேல் வழக்குப் போட்டது. மறுநாள், வெள்ளிக்கிழமை, பங்கு சுமார் 14 சதவீதம் விழுந்தது. சனிக்கிழமை சமரசம் ஆனது: மஸ்க் 2 கோடி டாலர், கம்பெனி 2 கோடி டாலர் அபராதம், தலைவர் பதவியில் இருந்து மூன்று வருடம் விலகல். திங்கள்கிழமை பங்கு சுமார் 17 சதவீதம் ஏறியது. அபராதம் உறுதியான பிறகு பங்கு ஏறியிருக்கிறது, கவனியுங்கள். வெள்ளிக்கிழமை விற்றவர்கள் பயந்தது, எந்த நிறுவனத்திலும் அவர் நிர்வாகப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று தடை வந்துவிடுமோ என்பதற்கு. சமரசத்தில் அந்தத் தடை இல்லை, சி.இ.ஓ.வாக அவர் தொடரலாம் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது.

அதே வருடம் ஜனவரியில், லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதி அதிபர் ஸ்டீவ் வின் மேல் பெண் ஊழியர்களின் பாலியல் புகார்கள் பத்திரிகையில் வந்தன. அவர் மறுத்தார். அன்றைக்கே வின் ரிசார்ட்ஸ் பங்கு சுமார் 10 சதவீதம் சரிந்தது. இது ‘சொந்த விவகாரம்’தானே, கணக்கில் ஒரு பைசா தப்பில்லையே என்று கேட்கலாம். ஆனால் சூதாட்ட விடுதி நடத்த உரிமம் கொடுக்கும் அரசு ஆணையம், உரிமையாளரின் நன்னடத்தையையும் பார்த்துத்தான் உரிமம் கொடுக்கிறது. ஆக அந்தத் தொழிலில் முதலாளியின் நடத்தைதான் மூலதனம். சில நாட்களில் அவர் பதவி விலகினார். பிறகு மாசசூசெட்ஸ் ஆணையம் நிறுவனத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் போட்டது. உரிமம் தப்பியது.

நம் ஊருக்கு வருவோம். ‘நல்ல கம்பெனி, கணக்கில் சந்தேகம்’ என்றால் எவ்வளவு வேகமாக விழும் என்பதற்கு இன்ஃபோசிஸ் உதாரணம். 2019 அக்டோபரில், பெயர் வெளியிடாத சிலர், ‘நேர்மையான ஊழியர்கள்’ என்ற கையொப்பத்தோடு எழுதிய புகார் வெளியே வந்தது. வருமானத்தையும் லாபத்தையும் கூட்டிக் காட்டத் தலைமைச் செயல் அதிகாரியும் நிதி அதிகாரியும் நெருக்குகிறார்கள் என்பது சாரம். அக்டோபர் 22 அன்று ஒரே நாளில் பங்கு 16 சதவீதம் இறங்கியது. சந்தை மதிப்பில் சுமார் 53,000 கோடி ரூபாய் கரைந்தது. தணிக்கைக் குழு வெளிச் சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்து, புகாருக்கு ஆதாரம் இல்லை என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் அந்த வருடம் மார்ச்சில் விசாரணையை முடித்துக்கொண்டது.

பதறி அன்று விற்றவர்கள் ஏமாந்தார்கள் என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அன்று அவர்களிடம் இருந்த தகவலுக்கு அவர்கள் செய்தது அசட்டுத்தனம் கிடையாது. விலை எவ்வளவு இறங்குகிறது என்பது புகார் எதைத் தொடுகிறது என்பதைக் காட்டுமே தவிர, புகார் மெய்யா பொய்யா என்பதைக் காட்டாது. இன்ஃபோசிஸில் வைத்திருந்தவர்களைக் காப்பாற்றியது, அங்கே லாபம் ரொக்கமாகவே வங்கிக்கு வந்துகொண்டிருந்தது என்ற பழைய வரலாறும், இயக்குநர் குழு தானாக முன்வந்து வெளி ஆட்களை வைத்து விசாரித்ததும்தான். அந்த இரண்டையும் உங்கள் கம்பெனியில் தேடிப் பார்த்தேன். ரொக்கத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். விசாரணை பற்றி, கம்பெனி சந்தைக்கு அனுப்பிய விளக்கத்தில் மூன்றே வரிகள். ‘புகார் அடிப்படையற்றது, சட்டப்படி சந்திப்போம், நிறுவனத்தின் செயல்பாடுகளில் எந்தப் பாதிப்பும் இல்லை.’ யார் விசாரித்தார்கள், எப்போது, தணிக்கைக் குழு கூடியதா என்ற எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டிருப்பவர் எம்.டி.யே!

இயக்குநர் குழு எப்படி நடந்துகொள்கிறது என்பதை நான் ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்றால், ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் கதை அப்படி. வீடியோகான் குழுமத்துக்கு வங்கி கொடுத்த 3,250 கோடி கடனையும், அந்தக் குழுமத் தலைவருக்கும் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி சந்தா கோச்சரின் கணவருக்கும் இருந்த தொழில் தொடர்பையும் இணைத்து ஒரு பங்குதாரர் 2016-லேயே கடிதம் எழுதினார். 2018 மார்ச்சில் விஷயம் பத்திரிகையில் வெடித்தபோது, இயக்குநர் குழு, கோச்சர் மேல் முழு நம்பிக்கை இருப்பதாக அறிக்கை விட்டது. வெளி விசாரணைக்கு முடிவெடுக்க மே மாதக் கடைசி ஆகிவிட்டது. பிறகு ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா விசாரித்தார். இடைப்பட்ட மாதங்களில் ஒவ்வொரு செய்திக்கும் பங்கு திணறிக்கொண்டிருந்தது. 2018 அக்டோபர் 4 அன்று கோச்சர் விலகினார். அன்று சென்செக்ஸ் 800 புள்ளிகளுக்கு மேல் சரிந்த நாள். திரையெல்லாம் சிவப்பு. அதற்கு நடுவே ஐ.சி.ஐ.சி.ஐ. பங்கு சுமார் 4 சதவீதம் ஏறி முடிந்தது.

அவர் விலகியதால் வங்கியின் வாராக்கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனாலும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று சந்தை எடுத்துக்கொண்டது. நிதி அமைப்பு ஒழுங்காக இருந்த பெரிய வங்கி, புதுத் தலைமையில் எழுந்து நின்றது. 2018-ல் 300 ரூபாயைச் சுற்றி இருந்த பங்கு 2024-ல் 1,000 ரூபாய்க்கு மேல் விற்றது. வழக்கோ இன்னும் நீளுகிறது. 2022 டிசம்பரில் கைது, 2023 ஜனவரியில் அந்தக் கைது சட்டப்படி சரியில்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவருகிறார். இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: வழக்கின் தீர்ப்புக்காகப் பங்கு காத்திருப்பதில்லை. நிர்வாகம் என்றைக்குச் சுத்தம் செய்யத் தொடங்குகிறதோ அன்றைக்கே விலை திரும்பிவிடும். தீர்ப்பு பத்து வருடம் கழித்து வந்துகொள்ளட்டும்.

எதிர்ப் பக்கத்தில் சத்யம் என்ற ஐ.டி. நிறுவனம் இருக்கிறது. 2009 ஜனவரி 7 என்று எல்லோரும் சொல்வார்கள், அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதிய நாள். கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதினார். 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கு அருகில் நின்றது. ஆனால் கதை மூன்று வாரத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. டிசம்பர் 16 அன்று, ராஜுவின் மகன்கள் சம்பந்தப்பட்ட மேடாஸ் என்ற இரண்டு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு சத்யம் வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், சில மணி நேரத்தில் அறிவிப்பு வாபஸ். மறுநாள் பங்கு 30 சதவீதம் போனது. அடுத்த வாரம் உலக வங்கி எட்டு வருடத் தடை போட்டிருக்கும் செய்தி. மாதக் கடைசிக்குள் நான்கு இயக்குநர்கள் விலகினார்கள். புரமோட்டர்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்கள், கடன் கொடுத்தவர்கள் அவற்றை விற்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. (அடமானத்தைச் சந்தைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற விதியே இந்த மோசடிக்குப் பிறகுதான் வந்தது.)

‘பங்கு பாதியாகிவிட்டது, இதற்கு மேல் எங்கே இறங்கும்’ என்று அந்த மூன்று வாரத்தில் ஆவரேஜ் செய்தவர்கள் நிறைய. ‘ஐ.டி. தொழில் நன்றாக இருக்கிறது, வாடிக்கையாளர்கள் பெரிய ஆட்கள்’ என்ற வாதம் அன்றும் இருந்தது, அது உண்மையும்கூட. அந்த வாடிக்கையாளர்களை நம்பித்தான் 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா 58 ரூபாய் விலைக்கு அதை வாங்கியது. தொழில் பிழைத்தது. 200 ரூபாய்க்கும் 300 ரூபாய்க்கும் வாங்கிப் போட்டவர்கள்தான் பிழைக்கவில்லை.

சின்ன, நடுத்தரக் கம்பெனிகளில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, அது உங்களுக்கே இப்போது நடந்துகொண்டிருக்கிறது. இன்ஃபோசிஸ் போன்ற பங்கில் 16 சதவீதம் இறங்கினாலும், அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார், வேண்டுமென்றால் வெளியே வந்துவிடலாம். உங்கள் பங்குக்கு ஒரு நாளைக்கு 5 சதவீதம்தான் வரம்பு. காலை 9.15-க்கே அந்த வரம்பைத் தொட்டு நிற்கிறது. விற்க லட்சக்கணக்கில் வரிசை, வாங்குகிற பக்கம் பூஜ்யம். திரையில் 300 என்று காட்டுகிற விலைக்கு உங்களால் விற்க முடியாது என்பதுதான் நிஜம். அது விலையே கிடையாது, வரிசையில் இன்றைக்கு எட்டிய படி. உண்மையான விலை எங்கே என்று சர்க்யூட் திறக்கிற அன்றுதான் தெரியும்.

ஜென்சோல் இன்ஜினியரிங் பங்குதாரர்கள் 2025-ல் இதை அனுபவித்தார்கள். மின்சாரக் கார்கள் வாங்க அரசு நிதி நிறுவனங்களிடம் வாங்கிய கடனில் ஒரு பகுதியைப் புரமோட்டர்கள் குருகிராமில் சொகுசு வீடு வாங்குவது வரை வேறு வழிகளில் திருப்பிவிட்டார்கள் என்று நம் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான செபி ஏப்ரல் 15 அன்று இடைக்கால உத்தரவு போட்டது. 6,400 கார்கள் வாங்க 663.89 கோடி கடன். வாங்கியதோ 4,704 கார்கள். வருடத் தொடக்கத்தில் 700 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு, நாளுக்கு நாள் லோயர் சர்க்யூட்டாக விழுந்து, சில மாதங்களில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. செபி உத்தரவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் மார்ச் தொடக்கத்திலேயே கேர், இக்ரா என்ற இரண்டு தரக் குறியீட்டு நிறுவனங்களும் ஜென்சோலின் கடன் தரத்தை ‘டி’ என்று, அதாவது தவணை தவறியது என்று, இறக்கிவிட்டன. பங்கு வாங்குகிற நம்மில் எத்தனை பேர் கடன் தரத்தைப் பார்க்கிறோம்? உங்கள் கம்பெனிக்கும் தரக் குறியீடு உண்டு, ஆண்டறிக்கையிலேயே இருக்கும். தரக் குறியீடு கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் கடைசி அறிக்கையைக் காசில்லாமல் படிக்கலாம். ‘கண்காணிப்பில் வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி வந்தாலே உஷாராகிவிடுங்கள்.

நஷ்டஈடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் ஆசை காட்ட எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் பங்கு விழுந்த மறுநாளே முதலீட்டாளர்கள் சார்பில் கூட்டு வழக்குகள் பாயும். சத்யம் விஷயத்தில் அங்கே வழக்குப் போட்டவர்களுக்கு நிறுவனம் 12.5 கோடி டாலரும், தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தரப்பு 2.55 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. இங்கே ஒரு முதலீட்டாளர் சங்கம் நுகர்வோர் ஆணையத்துக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போய், வெறுங்கையோடு திரும்பியது. இதில் கசப்பான ஒன்று உண்டு. சமரசத் தொகையைக் கொடுத்தது சத்யம் நிறுவனம். அதாவது விற்காமல் பொறுமையாக வைத்திருந்த இந்தியப் பங்குதாரரின் பணமும் அதில் போயிருக்கிறது. கம்பெனி மேல் வழக்குப் போட்டு ஜெயிக்கிற பங்குதாரர், ஒரு வகையில் சக பங்குதாரரிடம்தான் வாங்கிக்கொள்கிறார்.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2013 கம்பெனிச் சட்டத்தில் 245-ஆவது பிரிவு வந்தது. நூறு பங்குதாரர்கள் சேர்ந்தால் நிறுவனம், இயக்குநர்கள், ஆடிட்டர் மேல் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் கூட்டு வழக்குப் போடலாம். காகிதத்தில் நல்ல பிரிவு. ஆனால் நூறு பேரைச் சேர்த்து, வக்கீல் வைத்து, வருடக்கணக்கில் அலைந்து பயன்படுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுங்கள், அது இலவசம். கம்பெனியிடம் இருந்து பதிலை எழுத்தில் வாங்கித்தரும். பங்கு விலை இறங்கிய நஷ்டத்தை வாங்கித்தராது. ஆகவே நஷ்டஈடு வரும் என்ற எண்ணத்தில் விற்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? வாட்ஸ்அப் குழு சொல்வதுபோல 300-ல் இன்னொரு 600 வாங்கினால் உங்கள் சராசரி 412-ல் இருந்து 356 ஆகும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் சேமிப்பில் நாலில் ஒரு பங்கு இருந்த இடத்தில், கணக்கே கேள்விக்குள்ளான கம்பெனியில், இன்னும் 1,80,000 ரூபாய் போய் உட்கார்ந்திருக்கும். வேண்டவே வேண்டாம். எம்.டி. நிரபராதி என்றே வைத்துக்கொண்டாலும், ஓய்வுக்காலப் பணம் ஒரே பங்கில் இவ்வளவு இருப்பது அதிகம். புகார் வருவதற்கு முன்பே அதிகம்தான். மருமகன் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம்: சர்க்யூட் திறந்து வாங்க ஆள் வரும் முதல் நாளில், எவ்வளவு விலை என்று பார்க்காமல், பாதியைக் கொடுத்துவிடுவேன். 412 வரட்டும், போட்ட பணம் வந்ததும் விற்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் 412-க்கு வாங்கினீர்கள் என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது.

மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, அடுத்த காலாண்டு முடிவு வரை சந்தை இணையதளத்தில் கம்பெனியின் அறிவிப்புகளைப் பாருங்கள். தணிக்கைக் குழு வெளி ஆளை வைத்து அந்த முன்பணத்தை விசாரிக்கிறது என்று அறிவிப்பு வந்தால் நல்ல சேதி, பங்கு அன்றே ஏறினாலும் ஏறும். எம்.டி. விசாரணை முடியும் வரை ஒதுங்கி நிற்கிறார் என்றால் அதைவிட நல்லது. மாறாக ஆடிட்டர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார் என்றால், ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதியிருந்தாலும் சரி, அன்றே மீதியையும் விற்றுவிடுங்கள். ஆடிட்டர் விலகினால் அவருடைய கடிதத்தைக் கம்பெனி வெளியிட்டாக வேண்டும், கடைசி வரி வரை படியுங்கள். நிதி அதிகாரி விலகுவதும் புரமோட்டர் அடமானம் கூடுவதும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். முடிவுகளை அறிவிக்கிற தேதியைக் காரணம் சொல்லாமல் தள்ளிவைத்தாலும் எனக்குப் பிடிக்காது.

விற்கும்போது ஒரு சின்ன விஷயம். டீமேட்டில் முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்கு. 300 பங்கு விற்றால் அது மூன்று வருடத்துக்கு முன்பு 380-க்கு வாங்கியதில் இருந்து போகும். ஆகவே அது நீண்டகால மூலதன நஷ்டம். அதை நீண்டகால மூலதன லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். இந்த வருடம் அப்படி லாபம் இல்லாவிட்டால் எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். அதற்கு வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். பென்ஷன் மட்டும்தானே, வரி ஒன்றும் வராதே என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டால் இந்தச் சலுகை போய்விடும்.

கடைசியாக, பாதியை வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டறிக்கைப்படி கம்பெனியின் ஆண்டு விற்பனை 540 கோடி. தொடர்புடைய தரப்புடன் ஒரு வருடத்தில் செய்யும் பரிவர்த்தனை விற்பனையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், பங்குதாரர்களின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது செபி விதி. வரம்பு 54 கோடி. அந்த ஆண்டறிக்கை வருடத்தில் மைத்துனர் நிறுவனத்துக்குக் கூடுதலாகப் போன முன்பணம் 47 கோடியில் நின்றிருக்கிறது! நடப்பு வருடத்தில் அது 54 கோடியைத் தாண்டினாலே தீர்மானம் உங்கள் முன்னால் வந்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தில் எம்.டி.யோ அவர் குடும்பத்தினரோ தொடர்புடைய வேறு யாருமோ ஆதரவாக வாக்களிக்க முடியாது. எஞ்சியிருப்பது உங்களைப் போன்றவர்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும்தான். மின்-வாக்குப்பதிவு குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு முடியும். டீமேட்டில் பதிந்த மின்னஞ்சலுக்கு அழைப்பு வரும், அந்த மின்னஞ்சல் முகவரி இப்போதும் உங்களுடையதுதானா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் வீடியோவில் நடந்தால், பேச விரும்புகிறேன் என்று முன்கூட்டியே பதிந்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த 61 கோடிக்கு இதுவரை என்ன சரக்கு வந்தது?